மூன்று பேருக்கு ஒரு கன்ட்ரோலர்

அன்புள்ள ஐயா,

'ஃபைனல் ஃபேன்டஸி 16' வீடியோ கேமை மூன்று வாரத்தில் முடித்தேன். டைட்டன் என்ற ராட்சதனோடு மோதும் கட்டத்தில் எழுந்தே நின்றுவிட்டேன். ஆனால் முடித்த பிறகு ஏதோ குறைகிறது. முக்கியக் கதைக்கு வெளியே வரும் சைட் குவெஸ்டுகள் வெறும் எடுபிடி வேலை, நாலைந்தோடு விட்டுவிட்டேன். நாயகனோடு வரும் ஜில்லுக்குக் கதையில் வேலையே இல்லை. அந்த உலகத்தில் ஆழம் போதவில்லை. இது ஃபைனல் ஃபேன்டஸியே இல்லை என்கிறான் நண்பன். உங்கள் கருத்து என்ன? பின்னால் வந்த இரண்டு கூடுதல் கதைகளையும் வாங்கலாமா?

க.

அன்புள்ள க.,

உங்கள் கடிதம் வந்த வாரம் அக்கா வீட்டுக்கு வந்திருந்தாள். அவள் மகன் 16 ஆட, பக்கத்தில் ஆசையாக உட்கார்ந்தாள். அரை மணி நேரத்தில் எழுந்து போய்ச் சமையலறையில் வெங்காயம் உரிக்க ஆரம்பித்துவிட்டாள். அதிலிருந்து எனக்கு இதே யோசனைதான்.

முதலில் உங்களைக் கொஞ்சம் திட்ட வேண்டும். நாலைந்து சைட் குவெஸ்டோடு நிறுத்திவிட்டு ஆழம் இல்லை என்கிறீர்கள். இலையில் சோறு விழுந்ததும் எழுந்து போனவர் பாயசம் சரியில்லை என்று சொல்லக்கூடாது. ஏறிப் போக சொகோபோப் பறவை கிடைப்பதே ஒரு சைட் குவெஸ்டில்தான். நீங்கள் வலிஸ்தேயா என்ற அந்த உலகம் முழுவதையும் நடந்தே கடந்தீர்களா? ஒரு சிறுமி தன் க்ளோயியைக் காணவில்லை என்று வருவாளே, ஏதோ நாய்க்குட்டி என்று நினைத்துக்கொண்டு தேடிப் போவோமே, அதையாவது செய்தீர்களா? அங்கே கிடப்பது குற்றுயிராக ஓர் அடிமைப் பெண். புதிதாக ஒன்று வாங்கிக்கொள்ளலாம் என்கிற மாதிரி அந்தக் குழந்தை பேசும்போது எனக்குக் கன்ட்ரோலரைக் கீழே வைக்கத் தோன்றியது. எடுபிடி வேலைகள் நிறைய உண்டு, மறுக்கவில்லை. சாப்பாட்டுத் தட்டைத் தூக்கிக்கொண்டு மேசை மேசையாகப் போகச் சொல்வதில்தான் தொடக்கமே. நல்லவை பெரும்பாலும் கடைசியில் இருக்கின்றன.

ஜில் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. நண்பரை விடுங்கள். 1988-இல் வந்த இரண்டாவது விளையாட்டே சண்டையில் வென்று படிப்படியாக ஏறும் லெவல் முறையைத் தூக்கி எறிந்தது. இந்த வரிசையில் ஒவ்வொரு எண்ணும் முந்தைய எண்ணோடு சண்டை போட்டுத்தான் வந்திருக்கிறது. சண்டை என்றால், 'டெவில் மே க்ரை 5' என்ற அதிரடி விளையாட்டில் வேலை பார்த்த ரியோட்டா சுசுகி 16-க்கு அமைத்திருக்கும் சண்டை அபாரம். மசயோஷி சோகெனின் இசை அதற்கும் மேல். நெருப்பால் ஆன மிருகத்தை நெருப்பால் அடித்தாலும் அதே அடிதான் விழும் என்பது மட்டும் எனக்கு இன்னும் செரிக்கவில்லை.

சரி, அக்காவுக்கு வருகிறேன்.

எங்கள் வீட்டில் பத்தாவது விளையாட்டுதான் வந்தது. ஒரு பிளேஸ்டேஷன் 2, ஒரு கன்ட்ரோலர், நாங்கள் மூன்று பேர். ஏழு பாத்திரங்களைப் பங்கு போட்டுக்கொண்டோம். அக்காவுக்கு லுலுவும் யூனாவும், அண்ணனுக்கு ஆரான், டீடஸ், ரிக்கு, எனக்கு வக்கா. கிமாரியை யாரும் எடுக்கவில்லை. திரையின் வலது மூலையில் அடுத்து யார் முறை என்று வரிசையாகத் தெரியும். யார் முறையோ அவர் கைக்குக் கன்ட்ரோலர் போகும். கட்டளை கொடுக்கும்வரை எதிரி அப்படியே நிற்பான், எவ்வளவு நேரமானாலும். அந்த நேரத்தில் நாங்கள் சண்டை போட்டோம், முறுக்கு தின்றோம், ஒருமுறை அண்ணன் போய்ப் பால் வாங்கிக்கொண்டே வந்துவிட்டான்.

கட்டிலில் உட்கார்ந்து பாட்டியும் பார்ப்பாள். "அந்த நீலச் சிங்கத்துக்கு ஒரு வாய்ப்புக் குடுங்கடா, பாவம், சும்மாவே நிக்குது" என்பாள். ககாசெட் மலையில் கிமாரி தனியாக நின்று இரண்டு பேரோடு மோத வேண்டிய இடம் வந்தபோது எங்கள் மூவரையும் ஒரு பார்வை பார்த்தாள்.

அப்புறம் யூனலெஸ்கா என்ற பெரிய எதிரி. அவள் நம் ஆட்களைப் பிணம்போல் ஆக்கிவிடுவாள், வைத்தியம் செய்தால் அதுவே அடியாக விழும். அக்கா பொறுக்கமாட்டாமல் மூவருக்கும் புனித நீர் தெளித்தாள். அடுத்த முறை யூனலெஸ்கா மெகா டெத்தை ஏவினாள். அது பிணமாக இருப்பவர்களை ஒன்றும் செய்யாது, மற்றவர்களைக் கொன்றுவிடும். அந்த நீண்ட பேச்சையெல்லாம் தாண்டிவிட வழியில்லாமல் மறுபடி முதலிலிருந்து பார்த்தோம். அண்ணன் அக்காவோடு இரண்டு நாள் பேசவில்லை.

இந்தச் சண்டைக்கு 16-இல் இடமே இல்லை. நாயகன் க்ளைவ் ஒருவன்தான் நம் கையில். கூட வருபவர்கள் தாமாகவே அடித்துக்கொள்கிறார்கள், கட்டளைக்குக் கட்டுப்படுவது டோர்கல் என்ற நாய் மட்டும். பக்கத்தில் இருப்பவர் "அவனைக் காப்பாத்து" என்று சொல்லி முடிப்பதற்குள் நாலு அடி விழுந்திருக்கும். 15-இலேயே இருந்த வழக்கம் இது. அதிலாவது மூன்று நண்பர்கள் கூடாரம் போட்டுச் சமைத்தார்கள். 1994-இல் வந்த ஆறாவதில் இரண்டாவது கன்ட்ரோலரைச் செருகிச் சண்டையில் ஆட்களைப் பங்கு போட்டுக்கொள்ளலாம். 2000-இல் வந்த ஒன்பதிலும் அந்த வசதி உண்டு. அதாவது தனி ஆள் விளையாட்டிலும் இன்னொருவருக்கு ஒரு நாற்காலி போட்டு வைத்திருந்தார்கள்.

காத்திருந்து ஆட இளைஞர்களுக்குப் பொறுமை இல்லை என்பார்கள். 16 வந்தது 2023 ஜூனில். அதே ஆண்டு ஆகஸ்டில் வந்த 'பால்டர்ஸ் கேட் 3'இன் சண்டை முழுக்க டர்ன் பேஸ்டு, அதாவது ஒவ்வொருவராக முறை வைத்து ஆடுவது. ஒரே திரையைப் பிரித்து இரண்டு பேர் ஆடலாம். அந்த டிசம்பரில் 'த கேம் அவார்ட்ஸ்' ஆண்டின் சிறந்த விளையாட்டு விருது அதற்குத்தான் போனது. 2025-இல் அதே விருதை வாங்கிய 'எக்ஸ்பெடிஷன் 33'உம் முறை வைத்து ஆடுவதுதான். பொறுமை இல்லாதவர்கள் யார் என்று எனக்குப் புரியவில்லை.

நீங்கள் ஏதோ வாங்குவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். இரண்டாவது கூடுதல் கதையில் லெவியதான் என்ற கடல் மிருகம் வருகிறது, அது நன்றாக இருக்கும். ஆனால் விட்டுவைத்த சைட் குவெஸ்டுகளை முதலில் முடியுங்கள், அவற்றுக்கு ஏற்கெனவே காசு கொடுத்துவிட்டீர்கள்.

பொங்கலுக்கு அக்கா மறுபடி வருகிறாள், அண்ணனும் வருகிறான். பத்தாவதின் மெருகேற்றிய பதிப்பை வாங்கி வைத்திருக்கிறேன். புனித நீரை மட்டும் அவள் கையில் கொடுப்பதாக இல்லை.