டோக்கியோவில் இலவச வழிகாட்டி: காசு எதற்கு, எதற்கு இல்லை?

கேள்வி: ஏப்ரலில் மகன் வீட்டுக்கு டோக்கியோ போகிறோம். அவனுக்கு லீவு கிடைக்காது. தன்னார்வ வழிகாட்டிகள் இலவசமாகச் சுற்றிக்காட்டுவார்களாமே, நம்பிப் போகலாமா? கடைசியில் பணம் கேட்பார்களா? நாங்கள் இருவரும் சுத்த சைவம். - கோவை வாசகி

பதில்: தாராளமாகப் போகலாம். பணம் கேட்க மாட்டார்கள். நீங்களாக நீட்டினால் சங்கடப்படுவார்கள். ஆனால் இலவசம் என்பது அவர்களுடைய உழைப்புக்கு மட்டும்தான். உங்களோடு சுற்றும்போது அவர்களுக்கு ஆகும் ரயில் கட்டணம், நுழைவுச்சீட்டு, சேர்ந்து சாப்பிட்டால் அந்தச் சாப்பாடு எல்லாம் பொதுவாக உங்கள் கணக்கு. ஊரிலிருந்து ஒரு சின்ன இனிப்புப் பொட்டலம் கொண்டுபோய் இரண்டு கையாலும் கொடுங்கள், மகிழ்ந்துபோவார்கள்.

இவர்களுக்கு அங்கே ‘குட்வில் கைடு’ என்று பெயர். பணி ஓய்வு பெற்றவர்கள், இல்லத்தரசிகள், மாணவர்கள்தான் அதிகம். ஜப்பான் தேசியச் சுற்றுலா அமைப்பின் இணையதளத்தில் ஊர்வாரியாகக் குழுக்கள் உண்டு. இரண்டு வாரம் முன்னதாகவே எழுதிவிடுங்கள். ஒன்றைக் கவனியுங்கள்: ‘இலவச நடை’ என்று அழைத்துவிட்டு முடிவில் டிப்ஸ் எதிர்பார்க்கும் வணிக நடைகளும் இருக்கின்றன. அது வேறு, இது வேறு.

‘டோக்கியோ பார்க்க வேண்டும்’ என்று மொட்டையாக எழுதாதீர்கள். வயது, முட்டிவலி, சைவம், எதில் ஆசை என்பதையெல்லாம் எழுதுங்கள். அவர்கள் அதற்காகவே படித்துத் தயாராகி வருவார்கள். நீங்கள் சொல்லாமல் கொள்ளாமல் வராமலிருந்தால் அந்த மனிதரின் ஒரு நாள் வீண்.

முதல்முறை என்றால் நான் டோக்கியோவின் அசகுசா பகுதியைத்தான் சொல்வேன். அங்குள்ள சென்சோஜி கோயிலை நீங்களே போய்ப் பார்த்துவிடலாம், வாசலில் தொங்கும் 3.9 மீட்டர் உயரச் சிவப்புக் காகித விளக்கின் கீழ் நின்று படமும் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் என்னைக் கூட்டிப்போன பெரியவர் கூட்டத்தை விட்டு விலகி ஒரு கிங்கோ மரத்தடியில் நிறுத்தினார். அடிமரத்தில் கரிந்த வடு. 1945 மார்ச் 10 குண்டுவீச்சில் கோயில் எரிந்தபோது இந்த மரமும் எரிந்து, பிறகு துளிர்த்ததாம். இப்போதுள்ள பெரிய மண்டபம் 1958இல் கட்டியது. அவர் அந்த வடுவைத் தொட்டுக்கொண்டே பேசினார். தனியாகப் போயிருந்தால் நிழலுக்கு ஒதுங்கியிருப்பேன், அவ்வளவுதான்.

628இல் இரண்டு மீனவச் சகோதரர்களின் வலையில் கன்னோன் சிலை சிக்கியது என்பது தலபுராணம். கன்னோன் வேறு யாருமல்ல, நம் வீரசோழியம் என்ற இலக்கண நூல் அகத்தியருக்குத் தமிழ் சொன்னவராகப் பாடும் பௌத்தர்களின் அவலோகிதர்தான். மூலச்சிலையை யாருக்கும் காட்டுவதில்லை. அங்கே 100 யென் போட்டு, உலோகப் பெட்டியைக் குலுக்கிக் குச்சி எடுத்து, அதிலுள்ள எண்ணுக்குரிய இழுப்பறையில் உள்ள தாளை எடுத்துக் குறி பார்க்கலாம். குச்சியில் எண் ‘கான்ஜி’ என்ற ஜப்பானியச் சித்திர எழுத்தில் இருக்கும், வழிகாட்டி படித்துச் சொல்வார். கெட்ட குறி வந்தால் பயப்படாதீர்கள். இந்தக் கோயில் அதற்குப் பேர்போனது. தாளை மடித்து அங்குள்ள கம்பியில் கட்டிவிட்டு வந்துவிடலாம்.

சாப்பாட்டில்தான் சிக்கல். ‘இறைச்சி வேண்டாம்’ என்றால் போதாது. காய்கறிச் சூப்பிலும், சோபா நூடுல்ஸ் சாற்றிலும் ‘தாஷி’ என்ற அடிப்படைச் சாறு இருக்கும். பெரும்பாலும் காய்ந்த மீன் சீவலில் இறக்கியது. ‘மீன் தாஷியும் கூடாது’ என்று கடிதத்திலேயே எழுதிவிடுங்கள். கோயில் தெருவில் விற்கும் கமினாரி ஒகோஷி நம் பொரி உருண்டைக்குத் தம்பி, உங்களுக்குப் பிடிக்கும். நிங்யோயாகி என்ற பொம்மைக் கேக்கில் முட்டை உண்டு. எதை வாங்கினாலும் கடை வாசலிலேயே நின்று தின்றுவிடுங்கள். நடந்துகொண்டே சாப்பிட வேண்டாம் என்பது அந்தத் தெருவின் வேண்டுகோள்.

நேரம் மிச்சமிருந்தால் வழிகாட்டியிடம் ‘மட்சுசியாமா ஷோதென்’ என்று கேளுங்கள். சென்சோஜியிலிருந்து கொஞ்ச தூர நடைதான். அங்கே இருப்பது காங்கிதென், நம்ம பிள்ளையார். அவரும் திரைக்குள்தான். படையல் கொழுக்கட்டை அல்ல, வெள்ளை முள்ளங்கி. அதைக் கோயிலிலேயே விற்கிறார்கள், சுமந்துகொண்டு போக வேண்டாம்.