வாலைத் தூக்கி முங்கினால் முக்கால் மணி நேரம் ஆகும்

மொரிஷியஸ் தீவில் டமரின் பக்கம் திமிங்கலம் முங்கியதும் அரை மணி நேரம் காத்திருந்து திரும்பிவிட்டோம், படகுக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். ஏமாற்றவெல்லாம் இல்லைங்க, உங்களுக்கும் படகுக்காரருக்கும் பொறுமைதான் போதவில்லை. அது ஸ்பெர்ம் திமிங்கலம் என்றால், வால் செங்குத்தாக மேலே வந்தாலே இரை தேடி ஆழத்துக்குப் போகிறது என்று அர்த்தம்; 400 முதல் 1,200 மீட்டர் வரை இறங்கி, கும்மிருட்டில் டிக் டிக் என்று ஒலி எழுப்பி, எதிரொலியை வைத்துக் கணவாய் மீனைப் பிடித்து, பெரும்பாலும் மெல்லாமலே விழுங்கிவிட்டு, முக்கால் மணி நேரம் கழித்துத்தான் மேலே வரும். கணவாயின் அலகு, அதாவது அதன் கெட்டியான வாய்ப்பகுதி மட்டும் செரிக்காது, அப்புறம் கக்கிவிடும். அடுத்த முறை தண்ணீருக்குள் மைக் இறக்கிக் கேட்கிற படகாகப் பாருங்கள்: டிக் சத்தம் நின்றால் அநேகமாக ஏறி வருகிறது. குட்டியோடு ஒரு கூட்டம் கிடைத்தால் இன்னும் நல்லது, குட்டி அவ்வளவு ஆழம் போகாது, மேலேயே சுற்றிக்கொண்டிருக்கும்.