ஆன்ட்டி-எச்பிஎஸ் பாசிட்டிவ் என்றால் மஞ்சள் காமாலையா?

இல்லை. உங்கள் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டில் பாசிட்டிவ் என்று இருப்பது கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸ் அல்ல, அதைப் பிடித்து முடக்கும் எதிர்பொருள்.

ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று தவணை போட்டதாக எழுதியிருக்கிறீர்கள், பெரும்பாலும் அதன் வேலைதான். ஊசியில் இருப்பது வைரஸின் மேலுறைப் புரதம் மட்டுமே. அதைப் பார்த்து உடல் எதிர்பொருளைத் தயாரித்து வைத்துக்கொள்கிறது. ஒரு மில்லி லிட்டருக்கு 10 மில்லி யூனிட்டோ அதற்கு மேலோ இருந்தால் பாதுகாப்பு உண்டு என்று கொள்வார்கள். (இந்த 'பாசிட்டிவ்' என்ற சொல் பலரைத் தூங்கவிடாமல் செய்திருக்கிறது!)

அப்புறம், எச்பிஎஸ்ஏஜி (வைரஸின் மேலுறைப் புரதம்), ஆன்ட்டி-எச்பிசி (வைரஸின் உட்கருப் புரதத்துக்கு எதிரான எதிர்பொருள்) இரண்டும் நெகட்டிவா என்று பாருங்கள். ஆன்ட்டி-எச்பிசி தடுப்பூசியால் வராது. அது பாசிட்டிவ் என்றால் எப்போதோ தொற்று வந்திருக்கலாம்.

அண்மையில் இம்யூனோகுளோபுலின் ஊசி போட்டிருந்தால் கணக்கே வேறு. அது பிறர் ரத்தத்திலிருந்து எடுத்த இரவல் எதிர்பொருள், சில மாதங்களில் கரைந்துவிடும். டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.