ஆட்டின் மடியில் சுரக்கும் மருந்து: கிருஷ்ணகிரி ஆடு வளர்ப்போரின் கேள்விகளுக்குக் கால்நடை மருத்துவரின் பதில்கள்

போச்சம்பள்ளியிலிருந்து ஆடு வளர்ப்பவர்: ஐயா, ஊசி போட்டு ஆட்டின் பாலை மருந்தாக மாற்றுகிறார்களாமே, உண்மையா?

ஊசிதான், ஆனால் வளர்ந்த ஆட்டுக்கு அல்ல. கருவுற்ற ஒற்றைச் செல்லுக்குள், கண்ணுக்குத் தெரியாத நுண்ணூசியால், மனித மரபணு ஒன்றைச் செலுத்துகிறார்கள். பாலில் கேசீன் புரதத்தைச் சுரக்க ஆணையிடும் மரபணுத் துண்டு அதனுடன் முன்பே இணைக்கப்பட்டிருக்கும். அந்தத் துண்டு பால் சுரக்கும் மடியில்தான் வேலை செய்யும் என்பதால், மரபணு உடலெங்கும் இருந்தாலும் புரதம் பெரும்பாலும் பாலில்தான் வந்து சேரும். இரத்தம் உறைவதைக் கட்டுப்படுத்தும் ஆன்டித்ராம்பின் இப்படித்தான் கிடைத்தது. 'ஏட்ரின்' என்ற பெயரில் அதற்கு 2006இல் ஐரோப்பாவும் 2009இல் அமெரிக்காவும் ஒப்புதல் அளித்தன. பிறவியிலேயே இப்புரதம் குறைந்தவர்களுக்கு அறுவை சிகிச்சை, பிரசவ வேளைகளில் அது தேவைப்படுகிறது.

தருமபுரி, மருந்தியல் மாணவி: இன்சுலினைப் பாக்டீரியாவில் தயாரிக்கும்போது ஆடு எதற்கு?

நல்ல கேள்வி, அம்மா. இன்சுலின் சிறிய புரதம். ஆன்டித்ராம்பின் போன்றவற்றின் மீது சர்க்கரைச் சங்கிலிகள் ஒட்டியிருக்க வேண்டும்; வழக்கமாகப் பயன்படும் பாக்டீரியாவுக்கு அந்த வேலை தெரியாது, பாலூட்டியின் செல்லுக்குத் தெரியும். முயலின் பாலிலிருந்தும் (ருகோனெஸ்ட்), கோழி முட்டையின் வெள்ளைக்கருவிலிருந்தும் (கனூமா, 2015) மருந்துகள் வந்திருக்கின்றன.

பாலக்கோடு: அந்தப் பாலைக் குடித்தால் போதாதா, சார்?

போதாது. வயிறு அதை மற்றப் புரதங்களைப் போலவே செரித்துவிடும். பாலிலிருந்து புரதத்தைப் பிரித்து, தூய்மையாக்கி, இரத்தக் குழாய் வழியாகத்தான் ஏற்ற வேண்டும். என் கருத்தில் ஆட்டை உருவாக்குவதைவிட இதுதான் கடினமான பகுதி.

மீண்டும் போச்சம்பள்ளி: அப்படிப்பட்ட குட்டி ஒன்றை வாங்கி வளர்க்க முடியுமா? நம் சந்தையில் என்ன விலைக்குப் போகும்?

ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் நாம் உதட்டை விலக்கிப் பல் பார்க்கிறோம், கையால் முதுகெலும்பைத் தடவிச் சதை பார்க்கிறோம். மரபணுவை அப்படிப் பார்க்க முடியாது. அதனாலேயே இந்த ஆடுகள் வேலியிட்ட தனிப் பண்ணைகளில் இருக்கும். மரபணுவைப் பெறாத குட்டிகளைக்கூட வெளியே விற்பதில்லை. இந்தியாவில் 1989ஆம் ஆண்டு விதிகளின்படி, மரபணுப் பொறியியல் மதிப்பீட்டுக் குழுவின் அனுமதியின்றி அவற்றை வெளியே விட முடியாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1990இல் ஸ்காட்லாந்தில் பிறந்த ட்ரேசி என்ற செம்மறியின் பாலில் மனிதப் புரதம் ஏராளமாகச் சுரந்தது. ஆயினும் அதிலிருந்து எதிர்பார்த்த நுரையீரல் மருந்து விற்பனைக்கு வரவே இல்லை.