குடிமனை

ஐயா,
நிலவுடைமை, சமத்துவமின்மை, அரசியல் எதிர்ப்பு பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். ஆங்கிலேயர் காலத்தில் தலித்துகளுக்கு ஒதுக்கிய பஞ்சமி நிலத்தில் தொடங்க ஆசை. 'அது பழைய கதை' என்கிறார் நெறியாளர். எந்தக் கோட்பாட்டை எடுத்துக்கொள்வது? இந்த ஆய்வால் யாருக்காவது பயன் உண்டா? சுருக்கத்தை இணைத்துள்ளேன்.
க.

அன்புள்ள க.,

கோட்பாட்டை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். பயன் இருக்கிறதா என்பது எழுதி முடித்தபின் உங்களுக்கே தெரியும். பழைய கதை என்றால், 1994-இல் செங்கல்பட்டுப் பக்கம் காரணையில் நடந்த பஞ்சமி நில மீட்புப் போராட்டத்தில் ஜான் தாமஸும் ஏழுமலையும் ஏன் போலீஸ் குண்டுக்குச் செத்தார்கள்?

என் கோபம் வேறு. சுருக்கம் முழுக்க ஏக்கர் கணக்குதான். குடிமனை, அதாவது குடியிருக்கும் வீட்டு மண், பற்றி ஒரு வரிகூட இல்லை. செங்கல்பட்டு கலெக்டர் டிரெமென்ஹீரின் 1891 அறிக்கையை மேற்கோள் காட்டுகிறீர்களே, முழுதாகப் படித்தீர்களா? சேரிக்காரர் தரிசு நிலம் கேட்டு மனு போட்டால் ஊர் நிலத்தின் உடைமையாளரான மிராசுதார் என்ன செய்வார் என்று அதில் இருக்கிறது. குடிசை நிற்கும் மண் அவருடையது. மனு போட்டாயா, குடிசையைப் பிரித்துக்கொண்டு கிளம்பு. இதற்குப் பயந்தே எத்தனை பேர் வாயைத் திறக்காமல் இருந்திருப்பார்கள்! அதை ஏக்கரில் அளக்க முடியுமா?

தஞ்சையிலும் பண்ணையாளின் குடிசை பண்ணையின் மண்ணில்தான். கூலி நெல் கூடக் கேட்டதற்காக, 1968-இல் கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். குடியிருப்பவருக்கே மனையைச் சொந்தமாக்கும் சட்டம் 1971-இல்தான் வந்தது. உங்கள் சுருக்கத்தில் நில உச்சவரம்புச் சட்டத்துக்கு இரண்டு பக்கம், இதற்கு ஒன்றுமில்லை.

திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு அம்மா தன் மனைப்பட்டாவை எனக்குக் காட்டினார். அரிசிப் பானைக்குள் பாலித்தீன் பையில் சுருட்டி வைத்திருந்தார். மடிப்பெல்லாம் கிழிந்து, பின்னால் சோற்றுப் பசையில் காகிதம் ஒட்டியிருந்தது. "இது கைக்கு வந்த வருசந்தான் வரப்புல ஏறி நின்னு கூலி பேசுனேன். அதுக்கு முந்தி ஆண்டை வாசல்ல குனிஞ்ச தலை நிமிராது" என்றார். அரசியல் எதிர்ப்பைத் தேடும் நீங்கள் அந்த வரப்புக்கல்லவா போயிருக்க வேண்டும்?

நெறியாளரோடு சண்டை போடாதீர்கள். தலைப்பு அவர் சொன்னபடியே இருக்கட்டும். ஒரே ஒரு ஊரை எடுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் ஊர்க் குடியிருப்பு நிலமான நத்தத்தின் கணக்கைக் கேட்டு வாங்கி, யார் பட்டா யாருடைய மண்ணிலிருந்து எந்த வருடம் பிரிந்தது என்று வீடு வீடாக எழுதுங்கள். வயசானவர்கள் இருக்கும்போதே போங்கள். எழுதியதும் எனக்கு அனுப்புங்கள், ஒரு வரி விடாமல் படிக்கிறேன்.