கடையில் விற்கிறார்கள், மைதானத்தில் மாட்டுவானா?

கேள்வி: என் மகனுக்கு 20 வயது. மும்முறைத் தாண்டுதல் வீரன். விளையாட்டு உதவித்தொகையில் கலிபோர்னியாவில் படிக்கிறான். முழங்கால் வலிக்கு, கஞ்சாச் செடியிலிருந்து எடுக்கும் ஒரு பொருள் கலந்த ‘சிபிடி கம்மி’ என்று ஒரு மிட்டாய் சாப்பிடுகிறான். நண்பர்களோடு சேர்ந்து ஓரிரு முறை கஞ்சா புகைத்ததாகவும் சொன்னான். கேட்டால், “இங்கே சட்டப்படி செல்லும்மா, கல்லூரிப் போட்டிகளில் இப்போது அதைச் சோதிப்பதே இல்லை” என்கிறான். ஜூனில் மாநிலங்களுக்கு இடையிலான தடகளப் போட்டிக்கு ஊருக்கு வருகிறான். சோதனையில் மாட்டிக்கொள்வானா? – ஒரு தாய், கோவை.

பதில்: மாட்டலாம், அம்மா. உங்களிடம் மறைக்காமல் சொல்லியிருக்கிறான் பாருங்கள், அது பெரிய விஷயம். அவனைத் திட்டிவிடாதீர்கள். அவன் சொன்னதில் பாதி சரி. மீதிப் பாதியில்தான் ஆபத்து.

கல்லூரிப் போட்டிகளைப் பற்றி அவன் சொன்னது உண்மை. அமெரிக்காவின் முதல் பிரிவுக் கல்லூரிப் போட்டிகளின் தடைப் பட்டியலிலிருந்து 2024 ஜூனில் கஞ்சாவை எடுத்துவிட்டார்கள். அங்குள்ள தொழில்முறைக் கூடைப்பந்து லீகும் 2023-ல் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் கஞ்சா சோதனையைக் கைவிட்டது. ஆனால் அவை அந்தந்த லீகுகளின் சொந்த விதிகள். உங்கள் மகன் இந்தியாவில் ஓடுதளத்தில் கால் வைத்ததும் அவனைச் சோதிக்கப்போவது ‘நாடா’ எனப்படும் தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு முகமை. அது நடப்பது உலக அமைப்பான ‘வாடா’வின் பட்டியல்படி. அந்தப் பட்டியலில் கஞ்சா இன்றும் இருக்கிறது.

சட்டப்படி செல்லும் என்று அவன் சொல்வதுகூட அவனுக்குப் பொருந்தாது. கலிபோர்னியாவில் பொழுதுபோக்குக்காகக் கஞ்சா வாங்க 21 வயது ஆகியிருக்க வேண்டும். மாநிலம் அனுமதித்தாலும் அமெரிக்க மத்திய அரசின் சட்டத்தில் அது இன்னும் தடைசெய்யப்பட்ட பொருள். குடியேற்றத் துறை பார்ப்பது மத்திய சட்டத்தைத்தான். மாணவர் விசாவில் இருப்பவர் கஞ்சா பயன்படுத்தியதாக அதிகாரியிடம் ஒப்புக்கொண்டாலே மீண்டும் உள்ளே நுழைவதில் சிக்கல் வரக்கூடும். படிப்பே போய்விடும் அபாயம் இது. இதை அவனிடம் முதலில் சொல்லுங்கள்.

இனி சோதனைக்கு வருவோம். வாடா கஞ்சாவைத் தடைசெய்திருப்பது போட்டிக் காலத்தில் மட்டும். போட்டிக்கு முந்தைய நாள் இரவு 11.59-க்கு அந்தக் காலம் தொடங்கி, போட்டியும் அதையொட்டிய மாதிரி சேகரிப்பும் முடியும்வரை நீடிக்கும். “அப்படியானால் ஒரு வாரம் முன்பே நிறுத்திவிட்டால் போதுமே” என்று எல்லாப் பையன்களும் கணக்குப் போடுகிறார்கள். கணக்கு தவறுவது இங்கேதான். கஞ்சாவில் போதை தரும் டிஹெச்சி கொழுப்பில் கரையும் பொருள். உடம்புக் கொழுப்பில் போய்த் தங்கி, கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து சிறுநீரில் வரும். எப்போதோ ஒருமுறை புகைத்தவருக்குச் சில நாட்களில் அடங்கிவிடும். தினமும் பழகியவருக்கு வாரக்கணக்கில் நீளும், சிலருக்கு ஒரு மாதத்தையும் தாண்டும். போதை எப்போதோ இறங்கியிருக்கும், ஆனால் போட்டி நாளன்று புட்டியில் நிரம்பும் சிறுநீர் வேறு கதை சொல்லும். எப்போது புகைத்தான் என்று ஆய்வகம் கேட்காது. அன்றைய மாதிரியில் எவ்வளவு இருக்கிறது என்பதே கணக்கு.

மாட்டுவதற்கான அந்த வரம்பு முன்பு ஒரு மில்லிலிட்டர் சிறுநீருக்கு 15 நானோகிராமாக இருந்தது. 2013-ல் 150 ஆக உயர்த்தினார்கள். எப்போதோ ஒருநாள் புகைத்தவர்களையும், பக்கத்தில் யாரோ விட்ட புகையைச் சுவாசித்தவர்களையும் பிடிக்கக் கூடாது என்பதே நோக்கம். 1998 நாகானோ குளிர்கால ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற கனடாவின் பனிச்சறுக்கு வீரர் ராஸ் ரெபாக்லியாட்டியின் மாதிரியில் இருந்தது வெறும் 17.8. நண்பர்கள் விட்ட புகை என்றார் அவர். பதக்கத்தைப் பறித்தார்கள். பிறகு, கஞ்சா அப்போது ஒலிம்பிக் தடைப் பட்டியலிலேயே இல்லை என்பது தெரிந்து திருப்பிக் கொடுத்தார்கள். இன்றைய அளவுப்படி அவர் மாட்டியே இருக்க மாட்டார். அதனால் அறைத்தோழன் புகைக்கிறானே என்று நீங்கள் பயப்பட வேண்டாம்.

நான் அதிகம் பயப்படுவது அந்த மிட்டாய்க்குத்தான். கஞ்சாச் செடியில் உள்ள, போதை தராத சிபிடி என்ற பொருளை மட்டும் 2018 ஜனவரி முதல் வாடா அனுமதிக்கிறது. அந்தச் செடியிலிருந்து வரும், கன்னபினாய்டு எனப்படும் மற்ற வேதிப்பொருட்கள் எல்லாமே தடைதான். ஆனால் சிபிடி என்று விற்பதில் சிபிடி மட்டுமே இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. 2018-ல் அமெரிக்கா கொண்டுவந்த வேளாண் சட்டம், எடையில் 0.3 சதவீதத்துக்குள் டிஹெச்சி இருந்தால் அது கஞ்சா அல்ல, வெறும் ‘ஹெம்ப்’ எனும் நார்ச்செடி என்று வரையறுத்தது. கேட்க மிகக் குறைவாகத் தோன்றும். 4 கிராம் எடையுள்ள ஒரு மிட்டாயில் 0.3 சதவீதம் என்றால் 12 மில்லிகிராம் டிஹெச்சி. நன்றாகவே போதை ஏறும் அளவு அது! அந்த ஓட்டை வழியாகப் பலவிதமான பண்டங்கள் சந்தைக்கு வந்தன. வலிக்கு என்று தினமும் இரண்டு சாப்பிடும் பையன், தான் கஞ்சா பக்கமே போகவில்லை என்று மனதார நம்பிக்கொண்டே மாட்டுவான். லேபிளை நம்பினேன் என்பது தண்டனையைக் குறைக்க உதவலாம், குற்றத்திலிருந்து விடுவிக்காது. உடம்புக்குள் என்ன போனாலும் வீரரே பொறுப்பு என்பது ஊக்கமருந்து விதிகளின் அடிப்படை. இவ்வளவு ஆபத்தைச் சுமந்து சாப்பிடும் அளவுக்கு, சிபிடி முழங்கால் வலியைத் தீர்க்கும் என்பதற்கு உறுதியான சான்றும் இல்லை. மும்முறைத் தாண்டுபவனுக்கு முழங்கால் வலி என்றால் தொடைத் தசைப் பயிற்சி, தாண்டும் எண்ணிக்கையில் கட்டுப்பாடு, நல்ல பிசியோதெரபிஸ்ட். இவைதான் வழி.

மாட்டினால் என்ன ஆகும்? 2021 முதல் விதி கொஞ்சம் இளகியிருக்கிறது. போட்டிக் காலத்துக்கு வெளியே பயன்படுத்தியது, ஆட்டத்திறனுக்காக அல்ல என்று வீரர் நிரூபித்தால் மூன்று மாதத் தடை. சிகிச்சைத் திட்டத்தை முடித்தால் ஒரு மாதமாகக் குறையலாம். நிரூபிக்க முடியாவிட்டால் ஆண்டுக்கணக்கில் போகும். எப்படியானாலும் அந்தப் போட்டியின் முடிவு ரத்து.

அமெரிக்க ஓட்ட வீராங்கனை ஷகாரி ரிச்சர்ட்சனை நினைத்துப் பாருங்கள். 2021 ஜூனில், கஞ்சா சட்டப்படி அனுமதிக்கப்பட்ட ஓரிகன் மாநிலத்தின் யூஜின் நகரில், ஒலிம்பிக் தகுதிச் சுற்றின் 100 மீட்டர் இறுதியை 10.86 விநாடியில் வென்றார். அதற்குச் சில நாட்கள் முன்புதான், தன்னைப் பெற்ற தாய் இறந்துபோன செய்தியை ஒரு பேட்டியின் நடுவே நிருபர் வாயிலாகக் கேட்டிருந்தார். அந்தத் துக்கத்தில் கஞ்சா பயன்படுத்தியதாகச் சொன்னார். கிடைத்தது ஒரே ஒரு மாதத் தடை. ஆனாலும் தகுதிச் சுற்று வெற்றி ரத்தாகி, டோக்கியோ வாய்ப்பே போய்விட்டது. 2023-ல் புடாபெஸ்டில் 10.65 விநாடியில் உலக சாம்பியன் ஆகித் திரும்பி வந்தார் என்பது வேறு விஷயம். எல்லோருக்கும் இரண்டாவது வாய்ப்பு வாய்ப்பதில்லை.

ஒரு மருத்துவனாக என் கருத்தையும் சொல்லிவிடுகிறேன். இதை ஏமாற்று வேலை என்று நான் நினைக்கவில்லை. 1988 சியோல் ஒலிம்பிக்கில் கனடாவின் ஓட்ட வீரர் பென் ஜான்சன் ஸ்டானோசோலோல் என்ற ஸ்டீராய்டு எடுத்துக்கொண்டு ஓடியது பக்கத்துத் தடத்தில் ஓடியவரின் பதக்கத்தைத் திருடிய செயல். கஞ்சா புகைத்தவன் யாரிடமிருந்தும் எதையும் திருடவில்லை. ஆட்டத்திறன் கூடும் வாய்ப்பு, உடல்நலக் கேடு, விளையாட்டின் மாண்புக்கு முரண் என்ற மூன்றில் இரண்டு பொருந்தினால் ஒரு பொருளைப் பட்டியலில் சேர்க்கலாம் என்பது வாடாவின் விதி. 2022-ல் மறுஆய்வு செய்தபோதும் பின்னிரண்டைச் சொல்லித்தான் கஞ்சாவை வைத்துக்கொண்டார்கள். மாண்பு என்பது ஆய்வகத்தில் அளக்கக்கூடியது அல்ல. இளம் வயதில் கஞ்சா மூளைக்குக் கெடுதல் செய்யும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அதற்குத் தேவை சிகிச்சையும் அக்கறையும். மறுநாள் செய்தித்தாளில் “ஊக்கமருந்தில் சிக்கினார்” என்று ஸ்டீராய்டு போட்டவரோடு சேர்த்து ஒரு பையனின் பெயர் அச்சாவதை என்னால் ஏற்க முடியவில்லை. ஆனால் விதி மாறும்வரை அந்த விலையைக் கொடுக்கப்போவது நானல்ல, உங்கள் மகன்.

ஆகவே இன்றே புகையையும் மிட்டாயையும் நிறுத்தச் சொல்லுங்கள். கடைசி நேரத்தில் நீர்பிரியும் மாத்திரை போட்டுச் சிறுநீரை நீர்க்கச் செய்யலாம் என்று யாராவது யோசனை சொன்னால் காதிலேயே வாங்க வேண்டாம். அந்த மாத்திரைகள் எல்லா நாளும் தடைசெய்யப்பட்டவை, அதற்கான தண்டனை இதைவிடக் கடுமையாக இருக்கலாம். சோதனைப் படிவத்தில் கடைசி ஏழு நாட்களில் எடுத்த மருந்து, சத்துப்பொருள் எல்லாவற்றையும் எழுதச் சொல்வார்கள். ஒன்றுவிடாமல் உண்மையாக எழுதட்டும்.

ஊருக்குக் கிளம்பும் முன் பெட்டியை ஒருமுறை கொட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். மிச்சமிருக்கும் மிட்டாய் டப்பா அதில் இருக்கவே கூடாது. நம் நாட்டின் 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தில் கஞ்சா கலந்த எந்தக் கலவையும் கஞ்சாதான். வெளிநாட்டிலிருந்து அதைக் கொண்டுவருவது சிறைத்தண்டனைக்குரிய தனிக் குற்றம். சென்னை விமான நிலையத்துச் சுங்க அதிகாரியிடம் கலிபோர்னியாக் கடை ரசீது செல்லாது.