இலங்கை வானொலி உலகப்போர்ச் சிப்பாய்களுக்காகத் தொடங்கப்பட்டதா?

பாதி உண்மை. கொழும்பில் வானொலி 1925 டிசம்பரிலேயே தொடங்கிவிட்டது. ஆனால் நம் பெற்றோர் உருகி உருகிக் கேட்ட அந்த இலங்கை வானொலிக்குக் கடல் தாண்டிப் போகும் குரல் வாய்த்தது போரால்தான்.

1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு காலையில் ஜப்பானிய விமானங்கள் கொழும்பில் குண்டு போட்டன. என் அம்மப்பா அப்போது புறக்கோட்டையில் ஒரு கடையில் கணக்குப்பிள்ளை. ஒரு ட்ரங்குப் பெட்டியோடு யாழ்ப்பாணத்துக்கு ரயில் ஏறியவர், ஊர் கொஞ்சம் அடங்கிய பிறகுதான் திரும்பி வந்தார். கொழும்பு பாதி காலியாகிக் கிடந்தது என்று சொல்வார்.

1944இல் நேச நாட்டுத் தளபதி மவுண்ட்பேட்டன் தென்கிழக்காசியப் படைத் தலைமையகத்தைக் கண்டிப் பக்கம் கொண்டுவந்தார். பர்மாக் காட்டுக்குள் மழையிலும் மலேரியாவிலும் கிடந்த சிப்பாய்களுக்குப் பாட்டும் நாடகமும் ஊர்ச் செய்தியும் போய்ச் சேர வேண்டும். அதற்காகப் பிறந்ததுதான் ரேடியோ சியாக். சியாக் என்பது அந்தப் படைத் தலைமையகத்தின் ஆங்கிலப் பெயர்ச் சுருக்கம். கலையகம் கறுவாத்தோட்டத்தில், டரட் வீதியில் ஒரு வீட்டில் இருந்தது. இன்று அது தர்மபால மாவத்தை. பின்னாளில் பிபிசியில் பெரிய பெயர் எடுத்த டேவிட் ஜேக்கப்ஸ் இளம் வயதில் இங்கேதான் அறிவிப்பாளராக இருந்தார்.

முதலில் சின்ன ஒலிபரப்பிதான். இங்கிலாந்திலிருந்து வந்த 100 கிலோவாட் ஒலிபரப்பி ஜா-எலவுக்குப் பக்கத்தில் ஏக்கலையில் நிறுவப்பட்டு வேலை செய்யத் தொடங்கியபோது 1946 ஆகிவிட்டது. போர் முடிந்திருந்தது. ஆனால் சிப்பாய்கள் எல்லோரும் வீடு போகவில்லை. கப்பலுக்காகக் காத்திருந்தவர்கள் ஏராளம், அவர்களுக்குத்தான் அது பாடியது. சிற்றலை வானத்தின் மேலடுக்கில் பட்டுத் திரும்பி இறங்குவதால் ஏக்கலையில் போட்ட பாட்டை சிங்கப்பூரில் கேட்கலாம்.

1949இல் அது எல்லாம் இலங்கை அரசின் கைக்கு வந்தது. அடுத்த ஆண்டு வர்த்தக சேவை. மயில்வாகனம், பிறகு கே.எஸ். ராஜா, அப்துல் ஹமீத் என்று தமிழ்நாட்டு வீடுகளிலும் பெயர் சொல்லும் குரல்கள் வந்தன. 1952இல் அகில இந்திய வானொலி சினிமாப் பாட்டைக் குறைத்தபோது இந்தியாவே கொழும்புப் பக்கம் ஊசியைத் திருப்பியது. அந்தக் கதையைப் பலரும் எழுதிவிட்டார்கள்.

எனக்கு இந்தக் கேள்வி நெருக்கமானது வேறு காரணத்தால். நான் வளர்ந்ததும் ஒரு போருக்குள்தான். 1990க்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லை. பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள். ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டு, திரி போட்டுப் படித்த காலம். சின்ன மாமா சைக்கிளைத் தலைகீழாக நிறுத்துவார், சீட்டும் கைப்பிடியும் நிலத்தில் இருக்கும். பின் சில்லில் டைனமோ, அதிலிருந்து இரண்டு வயர், நடுவில் அவரே பற்றவைத்த ஒரு டயோட்டும் கப்பாசிட்டரும், அந்தப் பக்கம் றேடியோ. ஒருவர் குந்தியிருந்து கையால் பெடலைச் சுற்ற வேண்டும். வேகம் ஒரே சீராக இருக்க வேண்டும், கூடினால் றேடியோ எரிந்துபோகும் என்று மாமா பயமுறுத்தி வைத்திருந்தார். குறைந்தால் அறிவிப்பாளர் கிணற்றுக்குள் இறங்கிவிடுவார்.

இரவில் பிபிசியின் லண்டன் தமிழோசைக்கு விறாந்தை முழுக்க அயலவர். எங்கே குண்டு விழுந்தது என்று சொல்ல வரும் நேரம் பார்த்துப் பெடலில் இருப்பவனுக்குக் கை ஓயும். "சுத்தடா!" என்று பத்துப் பேர் ஒன்றாகக் கத்துவார்கள். செய்தி முடிந்ததும் முள்ளைக் கொழும்புக்குத் திருப்பி ஒரு பாட்டு. கை கடுத்தாலும் அதற்கு யாரும் முணுமுணுத்ததில்லை. செய்திக்கு ஆள் பிடிக்க வேண்டியிருக்கும், பாட்டுக்குச் சுற்ற நான் நீ என்று போட்டி.

பிறகு கொழும்புக்கு வந்து வெள்ளவத்தையில் குடியேறினோம். இரண்டு வருடத்துக்கு முன் ஓர் இரவு பொரளையில் ஓட்டோ பிடித்தேன். சாரதி பழைய சிங்களப் பாட்டு போட்டிருந்தார். பேச்சுவாக்கில், 1993இல் பலாலி இராணுவ முகாமில் சிப்பாயாக இருந்ததாகச் சொன்னார். எங்கள் வீட்டிலிருந்து அது பத்து கிலோமீற்றர்கூட இராது. காவல் பங்கருக்குள் சின்ன றேடியோவைக் காதோடு ஒட்டிவைத்துப் பாட்டுக் கேட்பாராம். அவருடைய அம்மா பொதி அனுப்பும்போது கொக்கிஸ் பலகாரத்தோடு நாலு பற்றரியும் வைப்பாராம். அந்தப் பற்றரி தீர்ந்துபோகும் இரவுதான் முகாமில் மிக நீளமான இரவு என்றார்.

நான் சைக்கிள் கதையைச் சொன்னேன். அவர் பாட்டின் சத்தத்தைக் குறைத்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "எவ்வளவு நேரம் சுத்துவீங்க?" என்று கேட்டார்.

"செய்தி முடியும் வரைக்கும். அதுக்கப்புறம் ஒரு பாட்டு."

"பாட்டுக்குமா?"

"ஓம், பாட்டுக்கும்."